பகதூரும் உலான்பாத்தரும்: சொல் ஒன்று, எழுத்துப் பல



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், மொங்கோலிய மொழிச் சொற்களும் அவை காலத்துக்குக் காலம் வெவ்வேறு எழுத்துகளில் எழுதப்பட்ட வரலாறும். "லா ஷோ-து-ஃபோனில் இருக்கிற எங்களுக்கும் மொங்கோலியாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சம்பந்தம் இரண்டு உண்டு. எங்களுக்குப் பழக்கமான சில சொற்கள் அந்தப் புல்வெளி நாட்டிலும் உலாவுகின்றன, அவர்களுடைய சில சொற்கள் எங்கள் ஊர் வரைக்கும் வந்திருக்கின்றன. இது முதலாவது. இரண்டாவதுதான் பெரியது. ஒரு மொழியின் எழுத்தை மாற்றினால் அந்த மொழிக்கும் அதைப் பேசும் மக்களுக்கும் என்ன நடக்கும் என்பதை எண்ணூறு ஆண்டுகளாகப் பல தடவை அனுபவித்துப் பார்த்தவர்கள் மொங்கோலியர்கள். எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அந்த அனுபவத்தை நாங்களும் கேட்டு வைத்திருப்பது நல்லது.

முதலில் எங்கள் நகரத்தின் பெயரையே பார்ப்போம். பிரெஞ்சில் அதை எழுத 14 எழுத்துகள் வேண்டும். வாயில் வருவதோ அதில் ஏறக்குறையப் பாதி ஒலிகள்தான். கடைசியில் நிற்கும் மூன்று எழுத்துகளில் ஒன்று மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது, மற்ற இரண்டும் ஒலிப்பதேயில்லை. ஒலிக்காத எழுத்தை ஏன் சுமக்கிறார்கள்? எழுத்து என்பது ஒலியை மட்டும் பதிந்து வைப்பதில்லை. அந்தச் சொல் முன்னொரு காலத்தில் எப்படி ஒலித்தது, எந்தச் சொல்லுக்கு உறவு என்பதையும் அது சேர்த்து வைத்திருக்கிறது.

எங்களிடமும் இது உண்டு. யாழ்ப்பாணத்தில் 'ஒண்டு' என்கிறோம். சென்னையில் 'ஒண்ணு' என்கிறார்கள். பேனாவை எடுத்தால் இரண்டு பேரும் எழுதுவது 'ஒன்று'. வாய் இரண்டு, எழுத்து ஒன்று. இந்த ஒரு சிறிய விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு மொங்கோலியாவுக்குப் போவோம்.

ஒரு யாழ்ப்பாணத்தவரின் பட்டம்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்துக்கொண்டிருந்த ஏட்டுச்சுவடிகளைத் தேடி எடுத்து, கலித்தொகை போன்ற பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவர். அவருக்கு அன்றைய ஆங்கில அரசு 1895இல் கொடுத்த பட்டம் 'ராவ் பகதூர்'. பட்டத்தை நாங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அதிலுள்ள 'பகதூர்' எங்கிருந்து வந்தது?

அது மொங்கோலியத்துக்கும் துருக்கிய மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொல். 'வீரன்' என்று பொருள். பழைய மொங்கோலிய எழுத்தில் அதை மூன்று அசைகளாக, ஏறக்குறைய 'பகதுர்' என்றே எழுதினார்கள். அது பாரசீகத்துக்குப் போனபோது நடுவில் இருந்த ககரம் ஹகரமாகி 'பஹாதுர்' ஆயிற்று. முகலாயர் அதைப் பட்டமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 'முகலாயர்' என்ற பெயரே 'மொங்கோல்' என்பதன் பாரசீக வடிவம்தான். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் அந்தப் பட்டத்தைத் தாங்களும் கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழில் ஹகரத்தை ககரத்தால் எழுதுவது வழக்கம் என்பதால் நாங்கள் 'பகதூர்' என்று எழுதினோம். பாரசீகத்தில் தொலைந்த ககரத்தைத் தமிழ் எழுத்து தன்னையறியாமலே திருப்பிக் கொடுத்துவிட்டது!

இதற்கிடையில் சொல் பிறந்த வீட்டில் வேறொன்று நடந்தது. மொங்கோலியப் பேச்சில் இரண்டு உயிர்களுக்கு இடையில் நின்ற அந்த மெல்லிய ககரம் தேய்ந்து மறைந்தது. இரண்டு உயிரும் சேர்ந்து நெடிலாயின. 'பகதுர்' என்பது 'பாத்தர்' ஆயிற்று. 'சிவப்பு' என்று பொருள்படும் 'உலகான்' என்பது 'உலான்' ஆயிற்று. 1924இல் தலைநகருக்குச் 'செவ்வீரன்' என்று புதுப்பெயர் வைத்தபோது வாயில் அது 'உலான்பாத்தர்'. ஆனால் பழைய எழுத்தில் எழுதினால் இன்றும் 'உலகான் பகதுர்' என்றுதான் இருக்கும். ஆக, தாமோதரம்பிள்ளையின் பட்டத்திலும் உலான்பாத்தரின் பெயரிலும் இருப்பது ஒரே சொல். வாயால் சொன்னால் உறவு தெரியாது. பழைய எழுத்தில் பார்த்தால் உடனே தெரியும்.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். சுவிற்சர்லாந்தில் எங்களுக்கு முன்பே, 1960களில், அகதிகளாக வந்தவர்கள் திபெத்தியர்கள். அவர்களுடைய ஆன்மிகத் தலைவரை 'தலாய் லாமா' என்கிறோம். 'லாமா' திபெத்தியச் சொல். 'தலாய்' மொங்கோலியச் சொல், 'கடல்' என்று பொருள். 1578இல் அல்தான் கான் என்ற மொங்கோலிய அரசர் ஒரு திபெத்தியத் துறவிக்குக் கொடுத்த பட்டம் அது. அதே 1578இல்தான் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதலாவது அச்சுப் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ஆனால் ஆண்டை நினைவில் வைத்திருக்க உதவும்.

அங்கே போன எங்கள் சொற்கள்

இப்போது எதிர்ப்பக்கம். இந்தியாவிலிருந்து பௌத்தம் மத்திய ஆசியா வழியாகச் சென்றபோது சமஸ்கிருதச் சொற்கள் அதனோடு சென்றன. உய்குர் மக்களின் கையிலிருந்து அவை மொங்கோலியருக்குக் கிடைத்தன. அதே சொற்கள் தமிழுக்கும் வேறு பாதையால் வந்தன. ஆகவே அவை எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு வகைச் சகோதரச் சொற்கள்.

இரத்தினத்தை எடுங்கள். மொங்கோலியத்தில் அது 'எர்தெனே'. இரண்டும் 'ரத்ன' என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. பாருங்கள், தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய காலத்து விதி. அதனால் முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு 'இரத்தினம்' என்றோம். மொங்கோலியச் சொற்களும் ரகரத்தில் தொடங்குவதில்லை. அவர்கள் எகரத்தைப் போட்டார்கள். ரஷ்யாவை நாங்கள் 'உருசியா' என்று எழுதினோம், அவர்கள் 'ஒரொஸ்' என்கிறார்கள். ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு மொழிகள் ஒரே நாணத்தோடு வாசலில் நிற்பது போல இருக்கிறது. எங்களூரில் இரத்தினம் என்ற பெயர் எவ்வளவு சாதாரணமோ, அங்கே எர்தெனே அவ்வளவு சாதாரணம்.

சாதகக் குறிப்பு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கு அங்காரகன் என்று பெயர் இருக்கும். மொங்கோலியரும் செவ்வாய்க் கோளை 'அங்காரக்' என்கிறார்கள். புதன் அவர்களுக்கு 'புத்', சுக்கிரன் 'சுகர்', பிரகஸ்பதி 'பர்ஹஸ்பாத்', சனீஸ்வரன் 'சஞ்சிர்'.

'தீவு' என்று நாங்கள் சொல்லும் சொல்லுக்கும் சமஸ்கிருத 'துவீப'வுக்கும் உள்ள உறவு தெரிந்ததே. கடலே இல்லாத மொங்கோலியாவிலும் அந்தச் சொல் இருக்கிறது: 'திவ்'. அங்கே அதற்குக் கண்டம் என்று பொருள், ஆசியாவும் ஒரு 'திவ்', ஐரோப்பாவும் ஒரு 'திவ்'. நாவலந்தீவு என்று எங்கள் முன்னோர் சொன்னதும் பெரிய நிலப்பரப்பைத்தானே! புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து வந்து சுவிசில் குடியேறியவர்கள் இந்தச் சொல்லை நினைத்துச் சிரிக்கலாம். அதைவிடச் சிரிக்க ஒன்று உண்டு. 'சம்சாரம்' என்றால் தமிழில் மனைவி, குடும்பம். மொங்கோலியத்தில் 'சன்சார்' என்றால் விண்வெளி. 1981இல் மொங்கோலியாவின் முதல் விண்வெளி வீரரான குர்ரக்சா பயணம் போனது அந்தச் 'சன்சார்' வெளிக்குத்தான். பிறவிச் சுழல் என்ற ஒரே பொருளிலிருந்து ஒரு மொழி வீட்டுக்குள் வந்தது, மற்றது வானத்துக்குப் போயிற்று.

இந்த உறவுகளை எல்லாம் ஆய்வாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எழுத்தால். பேச்சு உருமாறிக்கொண்டே போனாலும், பழைய எழுத்துக்கூட்டல் பழைய உருவத்தைப் பிடித்து வைத்திருந்தது.

ஒரே மொழிக்கு எத்தனை எழுத்து!

1204இல் செங்கிஸ்கான் நைமன் என்ற இனத்தவரை வென்றபோது அவர்களுடைய உய்குர் எழுத்தரான ததாதுங்கா சிறைப்பட்டார் என்றும், அவரைக் கொண்டே மொங்கோலியருக்கு எழுத்துக் கற்பிக்கப்பட்டது என்றும் சீன வரலாற்று நூல் சொல்கிறது. மேலிருந்து கீழாக, கயிற்றில் முடிச்சுப் போட்டது போல இறங்கும் எழுத்து அது. 1224-25 வாக்கில் பொறிக்கப்பட்ட ஒரு கல், இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய மொங்கோலியக் கல்வெட்டு அதுதான்.

1269இல் குப்ளாய் கான் புதிய எழுத்தொன்றைக் கட்டளையிட்டு நடைமுறைப்படுத்தினார். அதை ஆக்கிக் கொடுத்தவர் பாக்ஸ்பா என்ற திபெத்திய லாமா. திபெத்திய எழுத்து பிராமி வழியில் வந்தது. எங்கள் தமிழ் எழுத்தும் பிராமி வழிதான். ஆக, ஒரு காலத்தில் மொங்கோலியப் பேரரசு எங்கள் எழுத்தின் ஒன்றுவிட்ட சகோதரத்தில் கட்டளை எழுதியது. பேரரசு 1368இல் சீனாவை இழந்ததோடு அந்த எழுத்தும் பெரும்பாலும் மங்கிவிட்டது. 1686இல் சனாபசார் என்ற துறவி இன்னொரு எழுத்தை உருவாக்கினார். அதன் பெயர் 'சொயொம்போ'. எங்கள் கோயில்களில் 'சுயம்பு லிங்கம்' என்கிறோமே, அந்தச் சுயம்புதான் அங்கே சொயொம்போ. அதன் சின்னம் இன்று மொங்கோலியாவின் தேசியக் கொடியில் இருக்கிறது.

இத்தனை வந்து போயும் பழைய செங்குத்து எழுத்து நிலைத்து நின்றது. அதை உடைத்தது 20ஆம் நூற்றாண்டு. 1941 பெப்ரவரியில் மொங்கோலிய அரசு இலத்தீன் எழுத்துக்கு மாறுவதாக முடிவெடுத்தது. இரண்டு மாதம் செல்லுமுன் அந்த முடிவு கைவிடப்பட்டு, ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்து என்று தீர்மானமாயிற்று. ரஷ்ய எழுத்துகள் 33உடன் மேலும் இரண்டைச் சேர்த்து 35 எழுத்துகள். 1946 ஜனவரி முதல் அதுவே அரச எழுத்தாயிற்று.

அந்த மாற்றத்தால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. பழைய எழுத்தில் தகரத்துக்கும் தகரத்தின் மெல்லொலிக்கும் ஒரே வடிவம். ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே வடிவம். 'ஒர்து' என்றால் அரண்மனை, 'உர்து' என்றால் நீளம். இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் சிரிக்கத் தேவையில்லை. செய்த 'பாவமும்' பரதநாட்டியத்தின் 'பாவமும்' தமிழில் ஒரே எழுத்து. ஏட்டுச்சுவடியில் இன்னும் சிரமம். மெய்க்குப் புள்ளி கிடையாது, எகரமும் ஏகாரமும் ஒன்று, ரகரமும் காலும் ஒரே வடிவம். சொல்லை முன்பே அறிந்தவனால்தான் ஏட்டை வாசிக்க முடியும். தாமோதரம்பிள்ளை பட்ட பாடு அதுதான். சிரிலிக் எழுத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தது, பேசுவதைப் போல எழுத வைத்தது. பள்ளிக்கூடங்களும் பெருகின, எழுத்தறிவும் பெருகியது.

ஆனால் கொடுத்த விலை என்ன? 1937 முதல் 1939 வரை நடந்த ஒடுக்குமுறையில் ஆயிரக்கணக்கான பிக்குகள் கொல்லப்பட்டு, நூற்றுக்கணக்கான மடாலயங்கள் அழிக்கப்பட்டிருந்தன. அங்கிருந்த நூல்களும் போயின. தப்பிய நூல்களை எழுத்து மாற்றம் பூட்டி வைத்தது. புதிய பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்குத் தாத்தாவின் கடிதம் வாசிக்க வராது. வீட்டுக்குள்ளேயே, ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கிடையில் ஒரு மதில்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எரிப்பது ஒரு வழி. நெருப்பே வைக்காமல், வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போவதாலும் ஒரு நூலகம் மூடப்படலாம் என்பதை மொங்கோலியாவில் பார்க்கிறோம்.

இன்னொரு விளைவும் வந்தது. 'ஓநாய்' என்பதற்கு மொங்கோலியாவின் கல்கா மக்கள் 'சொனோ' என்கிறார்கள். ரஷ்யாவிலுள்ள புரியாத்து மக்கள் 'ஷொனோ' என்கிறார்கள். முன்பு இருவரும் அதைப் பழைய எழுத்தில் ஒரே மாதிரி எழுதினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்தார். சிரிலிக் வந்தபின் அவரவர் வாய்க்கு ஏற்றபடி அவரவர் எழுத, இரண்டு எழுத்துமொழிகள் ஆயின. 'ஒண்டு' என்று ஒருவரும் 'ஒண்ணு' என்று ஒருவரும் எழுதத் தொடங்கியது போல.

அந்நிய எழுத்து எப்போதும் எதிரியா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொங்கோலியரின் மிகப் பழைய பெருநூல் 'மொங்கோலியரின் இரகசிய வரலாறு'. அதன் முழுமையான மூலப்பிரதி பழைய மொங்கோலிய எழுத்தில் கிடைக்கவில்லை. சீன எழுத்தர்கள் மொங்கோலியம் படிப்பதற்காக, ஒலிக்கு ஒலி சீன எழுத்தால் பெயர்த்து எழுதி வைத்த பிரதியால்தான் அது உலகத்துக்குக் கிடைத்தது. அந்நிய எழுத்து அந்தச் சொற்களைக் காப்பாற்றியது.

தமிழுக்கும் இப்படி ஒன்று உண்டு. அச்சில் வந்த முதல் தமிழ் நூல் தமிழ் எழுத்தில் வரவில்லை. 1554இல் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் அச்சான 'கார்த்தில்யா' என்ற சமய நூல் அது. அதைத் தயாரித்த மூவரும் தமிழர். விசென்தே த நசரே, ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்ற போர்த்துக்கேயப் பெயர்களிலேயே அவர்கள் அறியப்படுகிறார்கள். ஐரோப்பிய நகரமொன்றில் இருந்துகொண்டு, ரோமன் எழுத்தில் தமிழ் எழுதியவர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு முன்னரே இருந்திருக்கிறார்கள்! அந்த நூல் இருப்பதால், 16ஆம் நூற்றாண்டில் தமிழ் எப்படி ஒலித்தது என்பதை அறிய எங்களுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். 'அர்வி' என்று அதற்குப் பெயர். தமிழின் ட, ண, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய வடிவங்களை உண்டாக்கினார்கள். சமய நூல், மருத்துவ நூல், கடிதம் எல்லாம் அதில் எழுதப்பட்டன. இன்று அதை வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். மொழி வாழ்கிறது, வாசிப்பவர் குறைய நூல்கள் ஊமையாகிவிட்டன. வட்டெழுத்தின் கதையும் இதுவே. பாண்டிய நாட்டில் நூற்றாண்டுக் கணக்காக வழங்கிய அந்த எழுத்து, சோழர் ஆட்சி பரவியபின் படிப்படியாகப் பின்வாங்கியது. இன்று கல்வெட்டறிஞர்தான் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

சிறிய மாற்றமும் தடம் விடும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. 'ணை, லை, னை' முதலியவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் போயின. பின்னர் எங்கள் பக்கத்து அச்சிலும் அதுவே வழக்கமாயிற்று. என் அம்மா கடைசி வரைக்கும் யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய 'லை'யைத்தான் எழுதினார். அவருடைய விமானத் தபால்களை என் மகள் வாசித்தபோது அந்த ஓர் எழுத்தில் தடுக்கி நின்றாள். காட்டிக் கொடுத்தேன், ஒரு நிமிடத்தில் பழகிக்கொண்டாள். ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம் போதும். முழு எழுத்தும் தெரியாவிட்டால்?

எங்கள் வீட்டுக் கதை

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவதில் என்ன குறை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. குறை ரோமன் எழுத்தில் இல்லை. ரோமன் எழுத்து ஒன்று அல்ல என்பதுதான் சிக்கல். பிரெஞ்சுக்காரருக்கு ஒரு ரோமன், ஜேர்மன்காரருக்கு ஒரு ரோமன், ஆங்கிலேயருக்கு ஒரு ரோமன்.

இங்கே பிரெஞ்சில் படிக்கும் என் மகள் 'சுகமா' என்று எழுதும்போது, உகரத்துக்கு 'ஓ', 'யூ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுகிறாள். பிரெஞ்சில் அதுதான் உகரம். பேர்ணில் இருக்கும் அவளுடைய பெரியப்பாவின் மகன் ஜேர்மனில் படிக்கிறான். அவன் அதை 'சோ-உ-கமா' என்று வாசிக்கிறான். அவன் 'யூ' ஒன்றை மட்டும் போட்டு எழுதினால், இவள் உதட்டைக் குவித்து இகரமும் உகரமும் கலந்த பிரெஞ்சு ஒலியில் வாசிக்கிறாள். 'சந்திரன்', 'செல்வம்' போன்ற பெயர்களை இலங்கையில் ஆங்கில முறைப்படி 'சி', 'எச்' என்று தொடங்கி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு எழுத்தும் எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பவைதான், ஆகவே இங்குள்ள ஆசிரியர் 'ஷந்திரன்' என்று கூப்பிடுகிறார். ஜேர்மன் பகுதியிலோ அதே எழுத்து தொண்டைக்குள் போய்விடுகிறது. ஆங்கில எழுத்தில் உள்ள 'யாழ்ப்பாணம்' என்ற ஊரின் பெயரையே பாருங்கள். முதல் எழுத்தை ஆங்கிலேயர் 'ஜ' என்பர். பிரெஞ்சு வாய் அதை ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவில் மெதுவாக்கும். ஜேர்மன் எழுத்து முறைப்படி வாசித்தால் 'யஃப்னா' என்று வரும், பாதி வழி யாழுக்கே திரும்பி வந்தது போல!

ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நாடுகளில், இரண்டு மாநிலங்களில் இருந்துகொண்டு, ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறார்கள். கல்காவும் புரியாத்தும் போல ஆவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் மூவருக்கும் பொதுவாக எழுதக்கூடிய ஒன்று இருக்கிறது. 'சு'. அது பேர்ணிலும் 'சு', இலண்டனிலும் 'சு', ரொறன்ரோவிலும் 'சு', வல்வெட்டித்துறையிலும் 'சு'. தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நான் சொல்லும் முதல் காரணம் பழம்பெருமை அல்ல. மச்சானும் மச்சாளும் ஒருவருக்கொருவர் எழுதியதை வாசிக்க வேண்டும் என்பதே.

மொங்கோலியர் இன்று என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். 1991இல், சில ஆண்டுகளுக்குள் பழைய எழுத்துக்கே முழுவதும் திரும்புவதென்று அவர்களுடைய சபை தீர்மானித்தது. நடக்கவில்லை. அரை நூற்றாண்டாகப் பழகிய எழுத்தை ஒரு தீர்மானத்தால் மாற்ற முடியாது, வாசிக்கப் பழகியவர்களும் போதவில்லை. பிறகு நிதானமாக யோசித்தார்கள். பள்ளிகளில் பழைய எழுத்தைப் பாடமாக்கினார்கள். 2015இல் மொழிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 2025 ஜனவரி 1 முதல் அரச ஆவணங்களில் சிரிலிக்கும் பழைய எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றைத் துரத்திவிட்டு ஒன்று அல்ல, இரண்டும்.

அதே வேளை, சீனாவுக்குள் இருக்கும் உள் மொங்கோலியாவில் பழைய எழுத்து ஒருபோதும் கைவிடப்படவில்லை. ஆனால் 2020இல் பள்ளிகளில் சில முக்கிய பாடங்களை மொங்கோலியத்திலிருந்து சீன மொழிக்கு மாற்ற உத்தரவு வந்தபோது, பெற்றோர் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தி எதிர்ப்புக் காட்ட வேண்டி வந்தது. உலான்பாத்தரில் மொழி இருந்தது, எழுத்துப் போயிற்று. அங்கே எழுத்து இருக்கிறது, மொழியின் வகுப்பறை சுருங்குகிறது. எழுத்து மட்டும் இருந்தாலும் போதாது, பேச்சு மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு இந்த இரண்டு பக்கமும் சாட்சி.

எங்களுக்கு எந்த அரசும் தமிழை எழுதாதே என்று இங்கே உத்தரவு போடவில்லை. பிள்ளை ரோமனில் எழுதினால் தடுக்கவும் வேண்டாம், லிஸ்பன் மூவரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் அதோடு நிற்கவிடக் கூடாது. இன்றைய கைத்தொலைபேசியில் ரோமன் எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்து வந்து விழும் வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுங்கள். எழுத்துகளைப் பார்த்துத் தெரிவு செய்யவேனும் பிள்ளை பழகும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குக் குளிர் காலத்திலும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த ஊர்ப் பனியில் அது இலகுவான காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டியோ பிளாஸ்ரிக் பையோ இருக்கும். அதற்குள் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் இருக்கும். போர்க்காலத்தில் கொழும்பு சுற்றி, யார் கையிலோ கொடுத்து, மாதக்கணக்கில் தாமதித்து வந்தவை. எழுதிய பலர் இன்று இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து மாதத்துக்கு ஒரு கடிதத்தை வாசியுங்கள். பழைய 'லை' வந்தால் காட்டிக் கொடுங்கள். விளங்காத சொல் வந்தால் அதற்கு ஒரு கதை சொல்லுங்கள். அந்தக் கடிதங்களுக்கு வேறு வாசகர் இல்லை.

உங்கள் குடும்பப் பெயர் எத்தனை நாட்டில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அதைத் தமிழிலும் எழுதி வானொலிக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்ப் பகுதியைப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதுவித்தால் இன்னும் நல்லது. வரும் மாத நிகழ்ச்சியில் அவற்றை வாசிப்போம்.